பக்கத்து சீட்டில் அத்தை

ஜூலை 6

அன்புள்ள தம்பி மனைவிக்கு,

போன் இருக்கும்போது எதற்கு இந்த நாத்தனார் மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். என் வீட்டில் இருப்பது இரண்டே அறைகள். நான் எந்த அறையில் நின்று உன்னோடு பேசினாலும் உன் மகள் மற்ற அறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள். நேற்று, "கணக்குன்னா பாயுறா, கட்டுரைன்னா பதுங்குறா" என்று உன்னிடம் சொல்லிவிட்டுத் திரும்பினால், கதவோரம் உன் சுண்டு நிற்கிறாள். "எங்க பதுங்கினேன்னு காட்டுங்க அத்தை, திருத்திக்கிறேன்" என்கிறாள். பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது. ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இனிமேல் அவளைப் பற்றிய பேச்செல்லாம் தபாலில்தான்.

நன்றாக இருக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். வந்த முதல் வாரம் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு படுத்திருந்தாள், அதை மறைக்க விரும்பவில்லை. இப்போது அப்படி இல்லை. காலையில் வேலைக்குப் போகிற வழியில் அவளைப் பள்ளியில் இறக்கிவிடுகிறேன். சாயங்காலம் கடைசி ஆளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து முடித்ததும் பயிற்சிக் காரிலேயே கூட்டி வருகிறேன். கார் கூரையில் இருக்கிற 'ஓட்டிப் பழகுகிறார்' பலகையைப் பார்த்து மற்ற பிள்ளைகள் கேலி செய்தார்களாம். "ஆமா, எங்க அத்தை இன்னும் பழகிட்டுத்தான் இருக்காங்க" என்று இவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

பரீட்சை அடுத்த மார்ச்சில். நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கிற உயர்நிலைப் பள்ளி இந்த நகரத்தில் அது ஒன்றுதான். ஊரே வந்து எழுதும், இரண்டு பஸ்ஸில் ஏற்றிவிடுகிற அளவுக்குத்தான் எடுப்பார்கள். அதற்கெல்லாம் நான் அசருகிறவள் இல்லை. ஆட்களைப் பரீட்சைக்குத் தயார் செய்வதுதானே என் பிழைப்பு. ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்கிய ஒரு பல் டாக்டரையே லைசென்ஸ் வாங்க வைத்தவள் நான். பயிற்சிக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கிறது, உனக்குத் தெரியும். ஓட்டுகிறவர் தப்பான பக்கம் திருப்பப் போகிறார் என்பது அவருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். அந்தக் கண்ணோடுதான் உன் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கவலையை விடு.

என் தம்பியைக் கேட்டதாகச் சொல். பதில் சொல்ல மாட்டான். இருந்தாலும் சொல்.

அன்புடன்,
அண்ணி


ஜூலை 14

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். "அக்கா நல்லா எழுதுது" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. உங்களுக்கும் எனக்கும் நடுவில் வாயைத் திறந்தால் தனக்குத்தான் ஆபத்து என்று கல்யாணமான புதிதிலேயே முடிவு கட்டிவிட்டவர்.

அவள் கட்டுரையில் பதுங்குவது உண்மைதான். பார்க்காததை எழுத மாட்டாள். 'கடல்' என்று தலைப்புக் கொடுத்தால், 'நான் கடலைப் பார்த்ததில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்துவிடுவாள். மிரட்ட வேண்டாம். பார்த்ததை எழுதச் சொல்லுங்கள், வரும். பாலும் அப்படித்தான். சூடாக இருந்தால் ஆறட்டும் என்பாள், ஆறினால் ஆடை கட்டிவிட்டது என்பாள். நடுவில் ஒரு நேரம் இருக்கிறது, அதைப் பிடிக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊரில் இந்தப் பரீட்சைக்குச் சொல்லித்தர ஆளில்லை, பள்ளியும் உங்கள் ஊரில் இருக்கிறது, ஒரு வருடம் என்னிடம் விடு என்று நீங்கள் கேட்டபோது நானும் தலையாட்டினேன். அவள் பெட்டியைக் கட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் தேறினால் பள்ளிப்படிப்பு முடிகிற வரை உங்களிடம் இருப்பாள். தேறாவிட்டால் என்னிடம் வந்துவிடுவாள். எந்த அம்மாவுக்காவது இப்படி ஒரு பரீட்சை வைப்பார்களா? அவள் தேற வேண்டும் என்றுதான் நான் ஆசைப்படுகிறேன், நம்புங்கள். ஆனால் எல்லா நாளும் ஒரே அளவுக்கு ஆசைப்படுகிறேன் என்று சொல்ல மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் காது சோதிக்கிற அறையில்தான் இப்போதும் வேலை. "சத்தம் கேட்டா பொத்தானை அமுக்குங்க." நாள் முழுக்க நான் பேசுவது இது ஒன்றைத்தான். வீட்டுக்கு வந்தால் அதைச் சொல்லக்கூட ஆளில்லை.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


செப்டம்பர் 20

அன்புள்ள தம்பி மனைவிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. உன் மகள் இந்த மாதம் முழுக்கக் கணக்கில் ஒன்றிரண்டுதான் தப்பு விட்டிருக்கிறாள். படப் புதிர் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஒரு வடிவத்தைத் திருப்பினால் எப்படி இருக்கும், மடித்தால் எப்படி இருக்கும் என்று கேட்டு நாலு விடை கொடுத்திருப்பார்கள். எனக்குத் தலை சுற்றுகிறது. அவளுக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை.

நான் ஊட்டிவிடுகிறேன் என்று நினைக்காதே. விடைத்தாளை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்காருவதோடு சரி. லைசென்ஸ் டெஸ்ட் எடுக்கிற அதிகாரி மாதிரி முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்கிறேன். வாயைத் திறப்பதில்லை, கண் ஜாடை காட்டுவதில்லை. அவள் பென்சில் ஒரு விடைக்கு மேலே கொஞ்சம் நிற்கும், பிறகு நேராகச் சரியான விடைக்குப் போய் வட்டம் போட்டுவிடும். பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. காரில் என்னிடம் பாடம் எடுக்க வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லாமல் கியரைத் தொட விடுவதில்லை.

கட்டுரைக்கு நீ சொன்ன வழி பலித்தது, ஒப்புக்கொள்கிறேன். 'மழை' என்று கொடுத்தேன். வைப்பர் கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க மறுபடி நனைவதைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதினாள். மழை என்ற சொல் கடைசியில்தான் வந்தது. நன்றாக இருந்தது.

கீழ் வீட்டுக்காரர்தான் தொல்லை. சாயங்காலமானால் மேலே என்னம்மா மிதிக்கிறீர்கள் என்று இரண்டு தடவை படியேறி வந்துவிட்டார். நாங்கள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசைவதே இல்லை என்றால் நம்ப மாட்டேன் என்கிறார். வயதானால் காதில் ஏதேதோ கேட்கும்போல. உன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்கட்டுமா?

நவம்பரில் ஒரு மாதிரித் தேர்வு. பெரிய மண்டபத்தில், நிஜத் தேர்வு போலவே. அதில் பார் இவள் பண்ணுகிற கூத்தை. எல்லாம் எங்கள் வீட்டு ரத்தம்.

அண்ணி


செப்டம்பர் 28

அன்புள்ள அண்ணிக்கு,

மூளை உங்கள் வீட்டு ரத்தம். ஆகாத வாய் யார் வீட்டு ரத்தம் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். தலைமை டாக்டரிடம் சொன்னேன், மருந்து கொடுக்கிற பெண்ணிடம் சொன்னேன், லிஃப்டில் கூட வந்த முன்பின் தெரியாத ஒருவரிடமும் சொன்னேன். சரியாகக் காது கேட்காத ஒரு பெரியவரிடம் இரண்டு தடவை சொன்னேன். அவர் அப்போதும் "என்னம்மா?" என்று கேட்டார், சந்தோஷமாகத் திரும்பச் சொன்னேன்.

படப் புதிர் இங்கே இருந்தபோது அவளுக்கு வரவே வராது. அதில் தேறிவிட்டாள் என்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. உங்கள் கை ராசி என்றே வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் தம்பி மனைவி


நவம்பர் 12

தம்பி மனைவிக்கு,

மாதிரித் தேர்வின் முடிவு வந்துவிட்டது. அவளிடமே கேட்டிருப்பாய். பாதித் தாளைக்கூட முடிக்கவில்லை. எழுதிய பாதியிலும் முக்கால்வாசி தப்பு. வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு போட்ட அதே மாதிரிப் புதிர்கள்.

மண்டபத்தில் ஏதோ குளறுபடி என்று நடத்தினவர்களிடம் போய்ச் சண்டை போட்டேன். தாளைக் காட்டினார்கள். அவள் கையெழுத்துத்தான். என்னடி ஆச்சு என்று கேட்டால், "தெரியல அத்தை. விடையே வரல. வரும் வரும்னு உட்கார்ந்திருந்தேன்" என்கிறாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

காரணம் எனக்குத் தெரியும், ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுகிறேன். முந்தின நாள் நீ போன் செய்தாய். பேசி முடித்து வந்தவள் முகம் வாடிப் போயிருந்தது. அம்மா அழுதாங்களா என்று கேட்டேன், புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பரீட்சைக்கு முதல் நாள் பிள்ளையிடம் மூக்கை உறிஞ்சுகிற அம்மாவை நான் பார்த்ததில்லை. அவள் தேறாவிட்டால் உன்னிடம் வந்துவிடுவாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். நான் ஒன்றும் மறக்கவில்லை.

அண்ணி


நவம்பர் 19

அண்ணிக்கு,

நான் அழவில்லை. எனக்கு ஜலதோஷம். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அவள் தோற்க வேண்டும் என்று நான் மனதில் வைத்துக்கொண்டு பேசினேன் என்கிறீர்கள். பெற்று, பால் கொடுத்து, பல் விழுந்தால் எடுத்து வைத்து, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டவளிடம் சொல்கிறீர்கள். இதே போனாக இருந்தால் இந்த இடத்தில் நானும் உங்களை ஒன்று கேட்டிருப்பேன். கடிதம் என்பதால் எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அடித்த வரி கீழே இருக்கிறது, படிக்க முயல வேண்டாம்.

விடுமுறைக்கு அவளை இங்கே அனுப்பி வையுங்கள். அவள் புத்தகங்களையும் சேர்த்து அனுப்புங்கள்.


டிசம்பர் 28

அன்புள்ள அண்ணிக்கு,

அவளை நீங்கள் ரயிலேற்றிவிட்டதிலிருந்து உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. பரவாயில்லை. இந்தக் கடிதத்தைப் பொறுமையாகப் படியுங்கள்.

வந்த மறுநாளே ஒரு பயிற்சித் தாளை எடுத்துக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுதியபடியே பென்சில் விடைக்கு மேலே நின்றது. ஆனால் எங்கேயும் போகவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, மேசைக்கு அடியில் பார்த்தபடி காத்திருந்தாள். அந்தச் சாய்வை எனக்குத் தெரியும். தினமும் அதைத்தான் பார்க்கிறேன்.

காது சோதிக்க வருகிறவர்களைக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார வைப்போம். சத்தம் கொடுக்கிற கருவி என் பக்கம் இருக்கும். கொஞ்சமும் காது கேட்காத குழந்தைகூட என் கை அசைவதைப் பார்த்துப் பார்த்து, சரியான நேரத்தில் பொத்தானை அமுக்கிவிடும். ஏமாற்ற வேண்டும் என்று செய்வதில்லை. அதற்கே தெரியாது. அதனால்தான் என் கை தெரியாதபடி நடுவில் ஒரு பலகை வைத்திருக்கிறோம்.

எனக்குச் சந்தேகம் வந்தது. தரையில் சத்தம் கேட்கட்டும் என்று வேலைக்குப் போகிற ஷூவை மாட்டிக்கொண்டு, விடைத்தாளை மடியில் வைத்து, உங்களைப் போலவே பக்கத்தில் உட்கார்ந்தேன். பென்சில் தப்பான விடைக்குப் போனபோது காலால் தரையை லேசாக அழுத்தினேன். உடனே நகர்ந்தது. அடுத்த கேள்வியில் பென்சில் சரியான விடையின் மேல் நின்றது. வேண்டுமென்றே அழுத்தினேன். அவள் சரியான விடையை விட்டுவிட்டுத் தப்பான விடைக்கு வட்டம் போட்டாள்.

அண்ணி, அது உங்கள் கால். காரில் ஓட்டுகிறவர் தப்புச் செய்யப் போகும்போது உங்கள் பக்கத்துப் பிரேக்கை மிதிக்கிற கால். நாற்காலியில் உட்கார்ந்தாலும் அது மிதிக்கிறது. கீழ் வீட்டுக்காரரின் காதில் ஒரு கோளாறும் இல்லை. மண்டபத்தில் கால் சத்தம் வரவில்லை, அதனால் விடையும் வரவில்லை. அவள் பொய் சொல்லவில்லை, நீங்களும் வேண்டுமென்று செய்யவில்லை. இரண்டு பேருக்குமே தெரியாது.

அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும், அதை அவள் உங்களிடமிருந்து கேட்பதுதான் சரி.

இதை எழுதாமல் விட்டால் மார்ச் முடிந்ததும் அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ரயிலேற்றிவிடுகிறோம். கூட்டிக்கொள்ள வாருங்கள்.

உங்கள் தம்பி மனைவி


ஜனவரி 17

அன்புள்ள தம்பி மனைவிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடலாம் என்றுதான் நினைத்தேன். என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டாய் என்று கோபம். அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சாயங்காலம் பல் டாக்டரின் தம்பிக்குப் பாடம். அவரை ஒரு காலி மைதானத்தில் ஓட்டச் சொல்லிவிட்டு, முதல் முறையாக என் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் வளைவில் கொஞ்சம் அகலமாகத் திருப்பினார். எனக்குத் தெரிவதற்கு முன்னால் என் கால் கீழே போயிருந்தது. பிரேக்கைத் தொடவில்லை, அதற்குப் பக்கத்தில் வெறும் தரையை மிதித்திருக்கிறது. எத்தனை வருடமாக இப்படி மிதிக்கிறேனோ.

வீட்டுக்கு வந்ததும் கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டினேன். பிள்ளை ஊருக்குப் போயிருந்த நாளில் சத்தம் இருந்ததா என்று கேட்டேன். "நிம்மதியா தூங்கினேன்மா" என்றார்.

சுண்டுவிடம் சொன்னேன். நீ எழுதியதை எழுதியபடியே சொன்னேன். மேசைக்கு அடியில் குனிந்து என் காலைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்போ அந்த மார்க்கெல்லாம் உங்களோடதா அத்தை?"

"கொஞ்சம் என்னோடது, மிச்சம் உன்னோடது. என்னோடதை எடுத்துட்டு நான் வெளிய போறேன்" என்றேன்.

"சரி. கதவைச் சாத்திட்டுப் போங்க" என்றாள்.

போனேன். அன்றிலிருந்து சாயங்காலத்தில் நான் இருப்பது மாடிப்படியில். கீழ் வீட்டுக்காரர் எனக்கு ஒரு மெத்தைத் துண்டு கொடுத்திருக்கிறார். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. நீ இத்தனை மாதமாக அப்படித்தானே இருக்கிறாய்.

முதல் வாரம் மார்க் பாதாளத்துக்குப் போனதாம். தாளைத் தானே திருத்தி, தப்பான விடைகளுக்குப் பக்கத்தில் எங்கே வழுக்கினேன் என்று தானே எழுதுகிறாள். எனக்குக் காட்டுவதில்லை. "இன்னும் தயாராகல" என்கிறாள், நான் என் ஆட்களிடம் சொல்கிற அதே குரலில். நேற்று ஒரு புதிரை வைத்துக்கொண்டு காகிதத்தை வெட்டி, மடித்து, திருப்பி, கடைசியில் தானே கண்டுபிடித்தாளாம். கதவைத் திறந்து, "அத்தை, இது என்னோடது" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி சாத்திக்கொண்டாள். முன்பு முழு மார்க் வாங்கியபோதுகூட எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

நவம்பரில் நான் எழுதியதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீ அடித்த வரியை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். பிள்ளை பெறாதவளுக்கு என்ன தெரியும் என்று கேட்டிருந்தாய். கேட்டதும் சரி, அடித்ததும் சரி.

அண்ணி


மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களைப் படிக்க வேண்டாம் என்று சொன்னது என் முட்டாள்தனம். அப்படிச் சொன்னால் நீங்கள் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வரி இனி இல்லை. உங்களுக்கு இது புரியும் என்று நம்புகிறேன்.

பரீட்சைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. உங்கள் தம்பி நேற்று அவள் அறையில் நின்றுகொண்டு, சுவருக்குப் புது வர்ணம் அடிக்கலாமா என்று கேட்டார். எந்தக் கணக்கில் கேட்டார் என்று தெரியவில்லை, அவள் வருவாள் என்றா வரமாட்டாள் என்றா. அடியுங்கள் என்றேன். எதுவானாலும் அவள் அறைதானே. இப்போது முகத்தில் பச்சைப் பொட்டுகளோடு திரிகிறார்.

போன் செய்ய மாட்டேன். ஜலதோஷம் வந்தாலும் வராவிட்டாலும் வேண்டாம். அவளிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். பென்சில் நிற்கும்போது அவள் காத்திருப்பது யாருக்காகவும் இல்லை, அவள் யோசிக்கிறாள், அவ்வளவுதான். நிற்பதற்குப் பயப்பட வேண்டாம்.

தேறட்டும் அண்ணி. இன்று முழு அளவுக்கு ஆசைப்படுகிறேன்.

உங்கள் தம்பி மனைவி


மார்ச் 10

அன்புள்ள தம்பி மனைவிக்கு,

எழுதிவிட்டாள்.

வாசலில் கூட்டமான கூட்டம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அம்மா கடைசி நேரத்தில் எதையாவது ஓதிக்கொண்டிருந்தார். வாய்ப்பாடு சொல்ல வைத்தவர்கள்கூட உண்டு. நீ சொல்லச் சொன்னதை நான் சொன்னேன். "அம்மா சொன்னாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் எழுதி முடிக்கும் வரை காரில் உட்கார முடியவில்லை. பள்ளியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். என்னைப் போலவே சுற்றிக்கொண்டிருந்த ஒரு அப்பா, எதிரும் புதிருமாகச் சந்திக்கும்போதெல்லாம் வணக்கம் வைத்தார். கடைசியில் இரண்டு பேருமே வெட்கத்தில் வேறு வேறு தெருவுக்குப் போய்விட்டோம்.

வெளியே வந்தவளிடம் முடிச்சியா என்று மட்டும் கேட்டேன். "முடிச்சேன். கடைசிப் புதிர்ல மட்டும் சந்தேகம். ஆனா வட்டம் போட்டுட்டேன்" என்றாள். கட்டுரைக்கு என்ன தலைப்பு, என்ன எழுதினாய் என்று கேட்டதற்கு, அது திருத்துகிறவர்களுக்கு எழுதியது, உங்களுக்கில்லை என்று சொல்லிவிட்டாள். பிறகு பசிக்கிறது என்றாள். சாப்பிட்டுக்கொண்டே தூங்கிவிட்டாள், ஸ்பூன் கையில் இருக்கும்போதே.

தேறுவாளா என்று கேட்காதே. எனக்குத் தெரியாது. என் தொழிலில் வாசலோடு என் வேலை முடிந்துவிடும், இப்போதுதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்குகிறது. ஆனால் எந்த முடிவு வந்தாலும் அது அவளுடையது. அதை என்னால் அடித்துச் சொல்ல முடியும்.

அண்ணி


மே 21

அன்புள்ள அண்ணிக்கு,

அவள் போன் செய்தபோது நான் வேலையில் இருந்தேன். "அம்மா, கிடைச்சிடுச்சு" என்றாள். அப்புறம் மூச்சு மட்டும் கேட்டது.

"அழுறியா?" என்றேன்.

"இல்ல. நீ?"

"இல்ல."

இரண்டு பேருமே அடுத்தவர் பொய்யைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தோம். பிறகு அவள் மெதுவாக, "நான் அங்க வரமாட்டேன்லம்மா இனிமே?" என்று கேட்டாள். லீவுக்கெல்லாம் வருவாய், உன் அறை உனக்குத்தான், அப்பா பச்சை அடித்து வைத்திருக்கிறார் என்றேன். "பச்சையா?" என்று கேட்டாள். எனக்கும் அந்தப் பச்சை பிடிக்கவில்லை என்றேன். சிரித்தாள். அதற்கப்புறம் இரண்டு பேராலும் பேச முடிந்தது.

உங்கள் தம்பியைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். செய்தியைக் கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். ஒரு வீடு விடாமல் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். "உங்க வீட்டுக்காரர் குரலை இன்னிக்குத்தான் கேட்டேன்" என்று மூன்றாவது வீட்டு அம்மா என்னிடம் சொன்னார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், "சுண்டு பெரிய ஆளாயிட்டா" என்றார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை அண்ணி. வலிக்கவும் செய்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் இருக்கிறது, எது எது என்று பிரிக்கத் தெரியவில்லை. கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்தீர்களே, அதற்காக உங்களுக்கு நான் என்ன செய்தாலும் ஈடாகாது. அவளை நம்பி உங்களிடம் விடுகிறேன். ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன், ஒரே ஒரு தடவை, இனி சொல்ல மாட்டேன். அவளை என்னிடமிருந்து யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நான் கொடுத்தேன்.

உங்கள் தம்பி மனைவி


ஜூன் 14

அன்புள்ள தம்பி மனைவிக்கு,

சேர்க்கைக்கு வந்துவிட்டு நீங்கள் இருவரும் ஊருக்குப் போன பிறகு வீடு இரண்டு நாள் சத்தமில்லாமல் இருந்தது. இன்று பள்ளி திறந்தார்கள். உனக்கு லீவு கிடைக்கவில்லை என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சீருடையை நீ இஸ்திரி போட்டு வைத்துவிட்டுப் போன மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டாள். பால் குடித்தாள். அந்த நடு நேரத்தை நான் இப்போது பிடித்துவிட்டேன். பள்ளி வாசலில் காரை நிறுத்தியதும் இறங்கி, பையை மாட்டிக்கொண்டு, நேராக நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. இறங்கி நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு பெரிய பிள்ளைகளுக்கு நடுவில் எல்லோரையும்விடச் சின்னவளாக இருந்தாள், ஆனால் யாருக்கும் வழிவிட்டு ஒதுங்கவில்லை.

பக்கத்தில் ஒரு அம்மா, தன் மகன் உள்ளே போன பிறகும் நகராமல் நின்றிருந்தார். என்னைப் பார்த்து, "உங்க பொண்ணா?" என்று கேட்டார். கடைகளில் யாராவது இப்படிக் கேட்டால் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன்.

"இல்லைங்க. என் தம்பி பொண்டாட்டியோட பொண்ணு" என்றேன்.

அவர் குழம்பிப்போனார். "அப்போ உங்க தம்பி பொண்ணுன்னு சொல்லுங்க" என்றார்.

"அவனுக்கும் பொண்ணுதான். ஆனா இங்க அனுப்பி வச்சது அவ."

உன் அண்ணி